ஜாவா போட 500 ரூபாயா?

"லினக்ஸ்ல ஜாவா ஓடாதும்மா, விண்டோஸ் போட்டுக்கோங்க." காசிமேட்டில் மீன் விற்றுப் பிள்ளையைப் படிக்கவைக்கும் அம்மாவிடம் இப்படிச் சொல்லி 500 ரூபாய் வாங்குகிறார்கள். சுத்தப் பொய்! சன் நிறுவனம் 2006-லேயே ஜாவாவின் மூலநிரலைத் திறந்துவிடத் தொடங்கியது. 2011 முதல் அரசு தந்த மடிக்கணினியில் இருந்த பாஸ் லினக்ஸ், நம்ம சென்னை சி-டாக் செய்தது. டெபியன் வழி வந்தது. பழைய பதிப்பென்றால் முதலில் புதியதை ஏற்றுங்கள். பிறகு டெர்மினலில் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் டிஃபால்ட்-ஜேஆர்இ' என்று (ஆங்கிலத்தில்தான்) அடித்தால் போதும். பிள்ளை நிரல் எழுதிப் பழக வேண்டுமா, ஜேஆர்இக்குப் பதில் ஜேடிகே. பம்பு கேட்டால் கேஸ்கட், போல்ட்டையும் சேர்த்தே எடுத்துவைக்கும் நல்ல ஸ்டோர்கீப்பர் மாதிரி, துணைக் கோப்புகளையும் அதுவே இறக்கிக்கொள்ளும். காலணா செலவில்லை. கடையில் ஏற்றித் தரும் அந்த விண்டோஸுக்கு ஒருமுறை பில் கேட்டுப் பாருங்களேன்.