மார்கழியில் விற்றால் என்ன?

ரொறன்ரோவில் டிசம்பர் பிறந்தால், வீடு விற்க நினைப்பவர்கள் பலரும் வசந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஸ்காபரோ தமிழர்களுக்குக் கூடவே மார்கழித் தயக்கமும் சேர்ந்துகொள்கிறது. எனக்கு இது வீண் பயமாகப்படுகிறது. கொட்டும் பனியில் வந்து, வாசலில் பூட்ஸைக் கழற்றி, ஈரக் காலுறையோடு நிலவறைவரை இறங்கிப் பார்ப்பவர் பொழுதுபோக்க வந்தவரல்ல. வேலை மாற்றமோ வாடகைக் கெடுவோ துரத்த வந்தவர். போட்டிக்கு நிற்கும் வீடுகளும் குறைவு. ஒப்பந்தத்துக்கும் சாவி கைமாறுவதற்கும் இடையில் வழக்கமாக ஒன்றிரண்டு மாதம் ஓடிவிடும்; பால் காய்ச்சுவது எப்படியும் தையிலோ மாசியிலோதான். ஒரு சிக்கல், 5 மணிக்குள் இருட்டிவிடும். படம் எடுப்பவரை மதியமே வரச் சொல்லுங்கள். வாசற்படியில் உப்புத் தூவவும் மறக்க வேண்டாம். பார்க்க வந்தவர் வழுக்கி விழுந்தால், விலைக்குப் பதில் வழக்கு வரும்.