மணி அடிக்கிறது, மனம் பதறுகிறது

2024 ஆகஸ்ட். லூதியானாவின் பிரபல ஜவுளித் தொழிலதிபரும் வர்தமான் குழுமத்தின் தலைவருமான எஸ்.பி. ஓஸ்வாலுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. பேசியவர்கள் தங்களை சிபிஐ அதிகாரிகள் என்று சொல்லிக்கொண்டார்கள். சட்டவிரோதப் பணப் பரிமாற்ற வழக்கில் அவர் பெயர் அடிபடுகிறதாம். அடுத்து, வீடியோவில் 'உச்ச நீதிமன்றம்' கூடியது. தலைமை நீதிபதியின் பெயரில் ஒருவர் விசாரணை நடத்தினார். விசாரணை முடிவதற்குள் 82 வயது தொழிலதிபரின் 7 கோடி ரூபாய் கைமாறிவிட்டது. போலீஸ் துரிதமாகச் செயல்பட்டதால் 5.25 கோடி மீண்டது.

நாடறிந்த தொழிலதிபருக்கே இந்தக் கதி என்றால், பென்ஷனில் காலம் தள்ளும் ஆசிரியர் என்ன செய்வார்? உள்துறை அமைச்சகம் மக்களவையில் தந்த கணக்குப்படி, 2024இல் இணையவழி மோசடிகளில் இந்தியர்கள் இழந்த தொகை 22,845 கோடி ரூபாய். முந்தைய ஆண்டைப் போல மூன்று மடங்கு.

வேண்டாத அழைப்புகளில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று தொல்லை, மற்றது கொள்ளை. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

தனிநபர் கடனும் மனையும் விற்க மதியத் தூக்கத்தைக் கெடுப்பவர்கள் முதல் ரகம். இவர்களுக்குக் கடிவாளம் போட 2007இல் 'அழைக்காதீர்' பட்டியல் வந்தது. பெரிதாகப் பலன் இல்லை. 2011 செப்டம்பர் 27 முதல் விதிகள் இறுகின. 1909க்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் விளம்பர அழைப்புகளை மறுக்கலாம் என்றானது. விற்பனைக்கு 140 என்று தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டன. வங்கி போன்ற நிறுவனங்களின் சேவை அழைப்புகளுக்கு 1600 வரிசை பின்னர் வந்தது.

விற்பனையாளர்களோ சாதாரண பத்து இலக்க மொபைல் எண்களுக்குத் தாவினார்கள். 2025 பிப்ரவரியில் டிராய் மீண்டும் விதிகளைத் திருத்தியது. அழைப்பு வந்த 7 நாட்களுக்குள் புகார் செய்யலாம். முன்பு 3 நாள்தான். பத்து நாட்களில் ஒருவர் மீது ஐந்து புகார்கள் வந்தாலே நடவடிக்கைக்குப் போதும். ஆக, ஒவ்வொரு புகாருக்கும் இப்போது எடை கூடியிருக்கிறது. ஆனால் ஒரு நியாயம் இடிக்கிறது. அழைப்பவர் ஒரு பொத்தானைத் தட்டுகிறார். புகார் செய்பவர்தான் எண்ணைக் குறித்து, தேதியைக் குறித்து, பேசியதைச் சுருக்கி எழுதி அனுப்ப வேண்டும். திருடனைப் பிடிக்கும் வேலை வீட்டுக்காரர் தலையில்.

இரண்டாவது ரகத்துக்கு இந்தப் பட்டியல் எதுவும் பொருட்டல்ல. மோசடிக்காரர் பதிவேட்டைப் பார்த்துவிட்டு அழைப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து பேசிக்கொண்டே இந்திய எண்ணைத் திரையில் காட்டும் தந்திரத்தைத் தடுக்க 2024 அக்டோபர் 22இல் அரசு ஒரு தடுப்பு ஏற்பாட்டைத் தொடங்கியது. முதல் 24 மணி நேரத்தில் மட்டும் 1.35 கோடி போலி அழைப்புகள் தடுக்கப்பட்டன. எவ்வளவு பெரிய வெள்ளம் இது என்பதற்கு அந்த எண்ணிக்கையே சாட்சி. ஆனால் ஒரு மடையை அடைத்தால் இன்னொன்று உடைகிறது. இணையம் வழியாக வரும் வீடியோ அழைப்பு அந்த வடிகட்டியில் சிக்காது.

எனவே கடைசிக் காவல், அழைப்பை எடுப்பவரின் நிதானம்தான். இந்தியச் சட்டத்தில் 'டிஜிட்டல் கைது' என்று ஒன்று கிடையாது. எந்த நீதிபதியும் வீடியோவில் தோன்றி, பணத்தை இன்ன கணக்குக்கு மாற்று என்று உத்தரவிடுவதில்லை. சந்தேக அழைப்பு என்றால் தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் உள்ள 'சக்ஷு' பகுதியில் தெரிவிக்கலாம். பணமே போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930ஐ அழைக்க வேண்டும். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் முடக்கினால்தான் மீட்க வழி உண்டு.

இந்தக் கும்பல்களின் மூலதனம் தொழில்நுட்பம் அல்ல; போலீஸ், கோர்ட் என்றாலே நமக்கு வரும் நடுக்கம். "யாரிடமும் சொல்லக் கூடாது" என்பது அவர்களின் முதல் நிபந்தனை. அதை மீறுவதே முதல் பாதுகாப்பு. போனை வைத்துவிட்டு, வீட்டில் இருப்பவரிடமோ பக்கத்து வீட்டுக்காரரிடமோ விஷயத்தைச் சொன்னால் போதும். இரண்டாவது ஆள் காதில் விழுந்த உடனே பெரும்பாலான 'கைதுகள்' கலைந்துவிடும்.