தடி பிடித்த கை பேனா பிடித்தால்...

2025 பிப்ரவரி 28ந் தேதி அமெரிக்காவில் ஜோசப் வாம்பா என்ற எழுத்தாளர் தமது 88வது வயதில் காலமானார். இவர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப் போலீசில் 14 ஆண்டுகள் வேலை பார்த்தவர்; துப்பறியும் சார்ஜண்டாக இருந்தவர். பின்னர் நாவலாசிரியரானார். டெலிவிஷனில் போலீஸ் நாடகத்துக்குப் புது வழி வகுத்தார். போலீஸ்காரனும் ரத்தமும் சதையும் உள்ள மனிதன்தான் என்று காட்டியவர் எனப் புகழ்மாலைகள் குவிந்தன.

மறைந்தவரைத் தூற்றுவது நமது நோக்கமல்ல. அவர் திறமைசாலி என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம். போலீஸ்காரன் மனிதன்தான், சரி. அவன் தடிக்கு முதுகைக் கொடுத்தவன் யார்? அவனும் மனிதன்தானே? அவன் கதையை எழுதியது யார்?

போலீஸ் ஒப்புதல் பெற்ற நாடகம்!

இந்தச் சங்கதி வாம்பாவிடம் தொடங்கவில்லை. 1951 டிசம்பர் 16ந் தேதி 'டிராக்நெட்' என்ற துப்பறியும் நாடகம் அமெரிக்க டெலிவிஷனுக்கு வந்தது. தயாரித்து நடித்தவர் ஜாக் வெப். லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ் தன் வழக்குக் கட்டுகளைத் திறந்து கொடுத்தது. ஆலோசனை சொல்ல அதிகாரிகளையும் கொடுத்தது. சும்மாவா? எழுதிய நாடகத்தைப் போலீஸ் இலாகா பார்த்துச் சரி சொல்ல வேண்டும்! பணம் போட்டவர் யார்? செஸ்டர்பீல்டு சிகரெட் கம்பெனி!

ஒன்பதே நாட்கள் கழிந்தன. கிறிஸ்துமஸ் நாள் வந்தது. அதே நகரத்தில், அதே போலீசின் காவலில், ஏழு இளைஞர்கள் அடித்து நொறுக்கப்பட்டார்கள். அடித்தவர்கள் குடித்துவிட்டு வந்த போலீஸ்காரர்கள். அடிபட்டவர்களில் ஐந்து பேர் மெக்சிகோ வம்சத்தவர். 'ரத்தக் கிறிஸ்துமஸ்' என்று அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. மக்கள் கூச்சல் போட்ட பிறகே எட்டுப் போலீஸ்காரர் மீது வழக்கு வந்தது. 54 பேர் மாற்றப்பட்டார்கள். 39 பேர் சஸ்பெண்டு செய்யப்பட்டார்கள்.

டெலிவிஷனில் போலீஸ்காரர் மரியாதையாகப் பேசி விசாரிக்கிறார். லாக்கப்பில் எலும்பு முறிகிறது! எதைக் கோடிக்கணக்கான மக்கள் பார்த்தார்கள்?

அந்தப் போலீசின் தலைவர் வில்லியம் பார்க்கர். அவருக்குப் பிரசங்கம் எழுதிக் கொடுத்தவர் ஜீன் ராடன்பெரி என்ற போலீஸ்காரர். உத்தியோகத்தில் இருந்தபடியே டெலிவிஷனுக்கும் கதை விற்றார். 1956ல் ராஜினாமா செய்து முழுநேர எழுத்தாளரானார். தலைவருக்குப் பிரசங்கம் எழுதிய பேனாவே ஜனங்களுக்குக் கதையும் எழுதியது!

காருக்குள்ளிருந்து பார்த்த உலகம்

வாம்பா இந்த ரகமல்ல. 1960ல் போலீசில் சேர்ந்தார். 1971ல் முதல் நாவலை வெளியிட்டார். மேலதிகாரிகள் முகம் சுளித்தார்கள். பளபளப்பான பொம்மைப் போலீசை அவர் காட்டவில்லை. குடிக்கிற போலீஸ்காரன், குடும்பம் உடைந்த போலீஸ்காரன், பயந்து நடுங்குகிற போலீஸ்காரன் ஆகியோரைக் காட்டினார். 1973 முதல் 1978 வரை என்.பி.சி. டெலிவிஷனில் ஓடிய 'போலீஸ் ஸ்டோரி' அவர் உருவாக்கியதுதான். புகழ் வந்ததும் உத்தியோகம் பார்க்க முடியவில்லை. விலங்கு மாட்டப்பட்டவர்களே சினிமா நட்சத்திரங்களைப் பற்றி விசாரித்தார்கள் என்று அவரே சொன்னார். 1974ல் போலீஸ் வேலையை விட்டார்.

இதில் நேர்மை உண்டு. ஆனால் இந்த நேர்மைக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை போலீஸ் காரின் கண்ணாடி!

அந்த முதல் நாவலின் முடிவில் வாட்ஸ் கலகம் வருகிறது. வாட்ஸ், அப்போது லாஸ் ஏஞ்சல்சில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதி. 1965 ஆகஸ்டில் ஒரு வாலிபரைக் காரை நிறுத்திக் கைது செய்ததில் மூண்ட தீ ஆறு நாள் எரிந்தது. 34 பேர் மாண்டார்கள். வேலையில்லை, நல்ல பள்ளியில்லை என்பதைக் கவர்னர் நியமித்த கமிஷனே ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. நாவலில் அந்தத் தெருவை யார் கண்ணால் பார்க்கிறோம்? போலீஸ்காரன் கண்ணால்! அவன் பயம் நமக்குத் தெரிகிறது. அவன் களைப்பு தெரிகிறது. கல்லெடுத்தவன் ஏன் எடுத்தான் என்பது தெரிவதில்லை. அடித்தவனுக்காகக் கண்ணீர் வடிக்கச் சொல்கிறார்கள். அடிபட்டவன் கதையில் வெறும் கூட்டம்!

எது குற்றம்?

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த நாடகங்களில் பிடிபடுகிறவன் யார்? திருடன், போதை மருந்து விற்கிறவன், தெருச் சண்டைக்காரன்.

2010 ஏப்ரல் 5ந் தேதி மேற்கு வர்ஜீனியாவில் அப்பர் பிக் பிராஞ்ச் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. 29 தொழிலாளர்கள் மடிந்தார்கள். பாதுகாப்பு விதிகளை மீறச் சதி செய்தார் என்று கம்பெனித் தலைவருக்கு 2016ல் கிடைத்த தண்டனை எவ்வளவு? ஓராண்டு! 29 உயிருக்கு ஓராண்டு!

துப்பறியும் அதிகாரி வாரா வாரம் சந்துபொந்தில் ஓடுகிறார். சுரங்க முதலாளியின் கணக்குப் புத்தகத்தைப் புரட்ட ஓடுவதில்லை. கூலியை வெட்டுவதும் உயிரைக் குடிப்பதும் 'தொழில் நிர்வாகம்'. பசித்தவன் கை நீட்டினால் 'கிரைம்'! வாரந்தோறும் இதையே பார்க்கிறவன் மனதில் எது குற்றம் என்பதற்கு ஒரே முகம்தான் பதியும். அது ஏழையின் முகம்.

இறங்கி வந்த ஒருவர்

போலீசிலிருந்து வந்தவர் உண்மை எழுதவே முடியாதா? முடியும். அதற்கும் சாட்சி உண்டு.

பால்டிமோர் நகரப் போலீசில் எட் பர்ன்ஸ் 20 ஆண்டுகள் வேலை பார்த்தார். கொலை வழக்குகளைத் துப்பறிந்தவர். ஓய்வுக்குப் பின் எங்கே போனார்? தெருவுக்குப் போனார். பத்திரிகையாளர் டேவிட் சைமனுடன் போதை மருந்து விற்கும் ஒரு தெருமுனையில் ஓராண்டு பழகி, அங்குள்ள மக்களின் கதையை 1997ல் புத்தகமாக்கினார். ஏழைப் பிள்ளைகளின் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தார். பிறகே இருவரும் 'தி வயர்' நாடகத்தை எழுதினார்கள். 2002 முதல் 2008 வரை 60 பகுதிகள். அதில் துறைமுகத் தொழிலாளியும் அவன் சங்கமும் வருகிறார்கள். வேலை செத்துப்போன ஊர் வருகிறது. கைவிடப்பட்ட பள்ளிக்கூடம் வருகிறது. புள்ளிவிவரத்தைத் திருத்தி மேலிடத்தைக் குளிரவைக்கும் போலீஸ் இலாகாவும் வருகிறது.

வாம்பாவுக்கும் பர்ன்சுக்கும் வித்தியாசம் திறமையில் இல்லை. இவர் காரைவிட்டு இறங்கினார். அவ்வளவுதான்!

ஆனால் நல்ல நாடகம் நாட்டை மாற்றிவிடுமா? 2015 ஏப்ரலில் அதே பால்டிமோரில் பிரெட்டி கிரே என்ற 25 வயதுக் கறுப்பின வாலிபர் போலீஸ் காவலில் பட்ட காயத்தால் இறந்தார். ஆறு போலீஸ்காரர் மீது வழக்கு. ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை!

முதல் கதையாசிரியர்

உண்மை என்னவென்றால், துப்பறியும் அதிகாரி டெலிவிஷனுக்கு வந்தபிறகு எழுத்தாளர் ஆவதில்லை. முன்பே அவர் எழுத்தாளர்தான். அறிக்கை எழுதுகிறார், வாக்குமூலம் எழுதுகிறார். அந்தக் கதையை நம்பித்தான் சிறைக் கதவு மூடுகிறது.

2020 மே 25ந் தேதி மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் பிளாய்டு கொல்லப்பட்டார். போலீஸ் எழுதிய முதல் கதை என்ன? கைதின்போது அவருக்கு உடல்நலக் கோளாறு ஏற்பட்டதாம்! கழுத்தை அழுத்திய முழங்காலைப் பற்றி ஒரு சொல் இல்லை. 17 வயதுப் பெண் ஒருத்தி தன் செல்போனில் படம் பிடித்திராவிட்டால் அந்தக் கதையே சரித்திரமாகியிருக்கும். 2021ல் அந்தப் போலீஸ்காரன் கொலைக் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. எந்த நாடகாசிரியரும் சாதிக்காததைத் தெருவோரம் நின்ற ஒரு பெண் சாதித்தாள்!

தோழர்களே! ஷிப்டு முடிந்தும் வயல் வேலை முடிந்தும் பெட்டி முன்னே உட்காருகிறோம். களைத்த உடம்புக்குக் கதை வேண்டும், தவறில்லை. ஆனால் மூன்று கேள்வி கேட்டுவிட்டுப் பாருங்கள். எழுதியவன் எங்கே நின்று எழுதினான்? பணம் போட்டவன் யார்? அடிபட்டவன் வாய் திறந்தானா?

மூன்றாவது கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால் அது பாதிக் கதை. மீதிப் பாதியை எழுத வேண்டியவர்கள் நாம்!