கூலர் பம்ப் முனகினால்

கோடை தொடங்கியதும் டெல்லி முதல் நாக்பூர் வரை, ஓரங்கட்டி வைத்திருந்த கூலர்கள் ஜன்னலுக்கு வந்துவிடுகின்றன. மின்விசிறி உடனே சுற்றும். மக்கர் செய்வது தொட்டிக்குள் கிடக்கும் கையளவு பம்ப்தான். கடகடவென்று தட்டும், அல்லது முனகிக்கொண்டே நீரை ஏற்றாமல் நிற்கும். சில நூறு ரூபாய்தானே என்று தூக்கி எறிகிறவர்கள் பலர். பெரும்பாலும் அதற்கு அவசியமே இல்லை.

வழக்கமான 18 வாட் பம்புக்குள் இருப்பவை கொஞ்சம்தான். பிசினில் புதைத்து மூடிய கம்பிச்சுருள். நடுவே ஒரு குழிக்குள் சுழலும் உருளைக் காந்தம். அதன் முனையில் சிறு பிளாஸ்டிக் விசிறி. எண்ணெய், கிரீஸ் எதுவும் கிடையாது. காந்தத்தைச் சுற்றியுள்ள தண்ணீர்தான் உராய்வைக் குறைக்கிறது, சூட்டைத் தணிக்கிறது. தொட்டி வறண்ட பிறகும் பம்பை ஓடவிட்டால் அச்சு தேய்ந்துபோகும்.

இன்னொரு எதிரி, உப்பு நீர். ஆவியாவது தண்ணீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கி, குழிக்குள் சுண்ணாம்பாகப் படிகிறது. தட்டியிலிருந்து உதிரும் புல்லும் வெட்டிவேரும் விசிறியில் சுற்றிக்கொள்கின்றன. முனகுகிற, ஆனால் சுழலாத பம்புக்கு இதுதான் வியாதி. முன்மூடியைக் கழற்றி, விசிறியைக் காந்தத்தோடு உருவி, எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ அரை மணி ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் போதும். குழியையும் மறக்கக் கூடாது. சுத்தம் செய்தும் சுழலவில்லை என்றால் வோல்டேஜ் குறைவா என்று பார்க்க வேண்டும். வாரம் ஒருமுறை தொட்டி நீரை மாற்றினால் படிவு குறையும்.

போட்டவுடன் ஓரிரு முறை ‘டக்’கென்பது இயல்பு. காந்தத்துக்கும் விசிறிக்கும் இடையே வேண்டுமென்றே சிறு இடைவெளி விட்டிருப்பார்கள். ஓயாமல் தட்டினால் அச்சு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். களகளவென்றால் நீர்மட்டம் இறங்கி, பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. வீட்டு மின்சாரத்தில் இத்தகைய பம்ப் நொடிக்கு 100 முறை அதிர்வது தவிர்க்க முடியாதது. தகரத் தொட்டி அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. பழைய ரப்பர் செருப்பில் ஒரு துண்டு வெட்டி அடியில் வைத்து, குழாய் தகரத்தில் உரசாமல் பார்த்துக்கொண்டால் இரவில் நிம்மதியாகத் தூங்கலாம்.

இவ்வளவும் செய்யுமுன் பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும். ஒயரிங் மாறியிருந்தால், ஸ்விட்சை அணைத்த பிறகும் வயரில் மின்சாரம் இருக்கும். கூலரைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தவர்கள் பற்றிய செய்திகள் கோடைதோறும் வருகின்றன. பிசின் வெடித்த, வயர் உரிந்த பம்பை டேப் சுற்றி மறுபடி நீரில் இறக்குவது தற்கொலைக்குச் சமம். அதை மாற்றத்தான் வேண்டும். எர்த் இணைப்புள்ள மூன்று பின் பிளக்கும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் அவசியம். கூலரின் உடல் லேசாகச் சுருக்கென்றாலும், எலக்ட்ரீஷியன் சோதிக்கும்வரை அதைப் போடவே கூடாது.