ரெண்டு பெட்டி வச்சா கிளஸ்டர் ஆயிடுமா?

நம்ம தாம்பரம், குரோம்பேட்டை பக்கத்துச் சின்ன ஆபீஸ்கள்ல "எங்க ஃபைல் சர்வர் ஹை அவெய்லபிலிட்டி சார்"னு பெருமையா சொல்றாங்க. எட்டிப் பார்த்தா ரெண்டு பெட்டி, ஒரே ரேக், ஒரே யூபிஎஸ், அதுவும் தரைத்தளத்துல. லினக்ஸ், சம்பா, டிஆர்பிடி, பேஸ்மேக்கர் எல்லாம் இருக்கு. யோசனை மட்டும்தான் இல்லை.

அமைச்சுக் கொடுக்கறவங்க காட்டற டெமோ எப்பவும் ஒண்ணுதான். ஒரு பெட்டியோட பவர் வயரைப் பிடுங்குவாங்க. ஐபி முகவரி அடுத்த பெட்டிக்குத் தாவும், ஷேர் திறக்கும். கைதட்டல், பில், டாட்டா!

நிஜத்துல சர்வர் இவ்வளவு நாகரிகமா சாகாது மக்களே. ரெண்டு பெட்டிக்கும் நடுவுல போற கேபிள் புட்டுக்கும். ரெண்டுமே உயிரோட இருக்கும், ஆனா ஒண்ணு செத்துடுச்சுன்னு இன்னொண்ணு நினைக்கும். ரெண்டும் அதே ஐபியை எடுத்துக்கிட்டு "நான்தான் ராஜா"ன்னு உட்காரும். பாதிப் பேர் இங்க எழுதுவாங்க, பாதிப் பேர் அங்க. இதுக்குப் பேர்தான் ஸ்ப்ளிட் பிரெயின். கேபிளைத் திரும்பச் சொருகினா டிஆர்பிடி கையை விரிச்சுடும்: யாரோட டேட்டாவைத் தூக்கி எறியணும்னு நீயே சொல்லு! ஒரு பக்கத்து வேலை அம்போ. ஒரே ஒரு சர்வர் இருந்திருந்தா இந்தக் கூத்தே வந்திருக்காது.

இதைத் தடுக்கத்தான் ஸ்டோனித்னு ஒரு ஏற்பாடு. அடுத்த பெட்டியோட தலையில சுடுன்னு அர்த்தம். பதில் சொல்லாத பெட்டியோட கரண்ட்டை வெட்டி, அது போயிடுச்சுன்னு உறுதியான பிறகுதான் டிஸ்க்கைத் தொடணும். பேஸ்மேக்கர்ல இது தானாவே ஆன்லதான் இருக்கும். நம்மாளுங்க செய்யற முதல் வேலை அதை அணைக்கறது. ரெண்டாவது வேலை, கோரம் இல்லேன்னாலும் கண்டுக்காதேன்னு எழுதறது. பாடத்துல தற்காலிகமா போடச் சொன்ன வரியைக் காப்பி அடிச்சு அப்படியே விட்டுடறாங்க. கேட்டா "எரர் வந்துச்சு சார், அதான்". நாய் குரைக்குதுன்னு அதை விரட்டிட்டு, கதவைத் திறந்து போட்டுத் தூங்கற புத்தி!

ரெண்டே ஓட்டு இருந்தா பெரும்பான்மை எப்படி வரும்? மூணாவது ஓட்டுக்கு ஒரு கியூடிவைஸ் வேணும். பழைய டெஸ்க்டாப் ஒண்ணு போதும். ஆனா அதே யூபிஎஸ்ல மாட்டாதீங்க, புண்ணியமாப் போகும்.

அடுத்தது தண்ணி. 2015 டிசம்பர் 2 காலையோட முடிஞ்ச 24 மணி நேரத்துல தாம்பரத்துல 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு பொங்கி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் முங்கிச்சு. 2016 டிசம்பர்ல வர்தா வந்து கரண்ட் கம்பங்களைச் சாய்ச்சுது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம், மறுபடியும் தண்ணி. இவ்வளவும் பார்த்த ஊர்ல ரெண்டு சர்வரையும் தரைத்தளத்துல ஜோடியா நிக்க வச்சா, அதுங்க ஜோடியாத்தான் முழுகும். ரயில் பாதைக்கு மேற்கே ஆபீஸ்னா, கிழக்கே ஒரு மாடியில இன்னொரு பிரதி வைங்க. தானா மாற வேணாம், கையால மாத்தினாக்கூடப் போதும்.

"செலவாகும் சார்"ங்கறாங்க. சரி, அப்போ கிளஸ்டரே வேணாம். நல்ல சர்வர் ஒண்ணு, தினமும் ராத்திரி வேற இடத்துக்கு பேக்கப், கெட்டா அரை நாள் வேலை நிக்கும்னு முதலாளிகிட்ட முன்கூட்டியே ஒரு வார்த்தை. பொய்யான ஹை அவெய்லபிலிட்டியை விட இந்த உண்மை எவ்வளவோ மேல்.

அடுத்த தடவை யாராவது டெமோ காட்ட வந்தா பவர் வயரைத் தொட விடாதீங்க. நடுவுல போற கேபிளைப் பிடுங்கச் சொல்லுங்க. அப்போ அவங்க முகத்தைப் பாருங்க!

பி.கு.: கிளஸ்டர் இருக்கே, பேக்கப் எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு: தப்பா அழிச்ச ஃபைலும் அதே வேகத்துல அடுத்த பெட்டியிலும் அழியும் சாமி.