கன்றின் வாட்டம்

2016-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 12-ஆம் நாள் வீசிய வர்தா புயல், தாம்பரத்தை அடுத்த வண்டலூர் உயிரியல் பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்களை வீழ்த்தியது. வீழ்ந்த இடத்தில் கன்று நடுதல் எளிது. அதனைக் கோடை கடக்கச் செய்தலே அரிது.

இலை பழுத்த பின்னரே மனிதர் கண் கன்றின் துன்பத்தை அறிகின்றது. கருவியின் கண்ணோ முன்னரே அறியவல்லது. நலமுள்ள பச்சிலை செவ்வொளியைப் பெரிதும் உட்கொண்டு, கண்ணுக்குப் புலனாகாத அண்மை அகச்சிவப்புக் கதிரை மிகுதியாகத் திருப்பிவிடும். நலங் குன்றின் இவ்வேறுபாடு சுருங்கும். நீர் குறைந்த இலை தன் நுண்துளைகளை மூடிக்கொள்ளும். நீராவி வெளிச்செல்லாமையால் அது சூடேறும். வெப்பங் காணும் ஒளிப்படக் கருவி அதனையும் காட்டும்.

1988-இல் விண்ணிற் செலுத்தப்பெற்ற ஐ.ஆர்.எஸ்.-1ஏ செயற்கைக்கோளும் அகச்சிவப்புக் கதிரால் நிலத்தை நோக்கிற்று. ஆயினும், அவ்வளவு உயரத்திலிருந்து காடு தெரியுமேயன்றிக் கன்று தெரியாது. தாழப் பறக்கும் ஆளில்லா வானூர்தியே இதற்கு ஏற்றது.

செலவு மிகும் என்பர் சிலர். கன்றுக்கொரு கருவி வேண்டுவதில்லை. ஒருமுறை பறப்பின் தோப்பு முழுதும் பதிவாகும். நட்டவற்றை எண்ணி மகிழ்வோர் பிழைத்தவற்றையும் எண்ண வேண்டாவோ? ஒன்றுமட்டும் உண்மை: கருவி வாட்டத்தைக் காட்டும், நீர்க்குறையோ வேர்ப்புழுவோ என்பதை மண்ணைக் கிளறித் தோட்டக்காரரே காணல் வேண்டும்.