மூன்றாம் சுற்றின் விலை

வட அமெரிக்காவின் என்.எச்.எல். ஐஸ் ஹாக்கி லீகில் வீரர் பரிமாற்றத்துக்கான கெடு நெருங்கும்போதெல்லாம் ஒரே பேச்சுதான். லீகின் வெற்றிக் கோப்பையான ஸ்டான்லி கோப்பை வேண்டுமென்றால் பெயர் பெற்ற தற்காப்பு வீரர் ஒருவரை வாங்கியே ஆக வேண்டும்; அதற்கு, இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் அடுத்த டிராஃப்டின் முதல் சுற்றுத் தேர்வுரிமையைக் கொடுக்கத் தயங்கும் மேலாளருக்கு வெல்லும் ஆசையே இல்லை. ரசிகர்களும் தொலைக்காட்சி விமர்சகர்களும் ஆண்டுதோறும் இதைச் சொல்கிறார்கள், பல மேலாளர்கள் நம்பவும் செய்கிறார்கள். இந்த நம்பிக்கை தவறானது. தற்காப்பு வரிசைக்கு ஆழம் சேர்ப்பது வேறு, நட்சத்திரம் வாங்குவது வேறு. முதல் வேலைக்கு இரண்டாவதன் விலையைக் கொடுக்கும் அணி தன் நாளைய ஆட்டக்காரர்களை வீணாக இழக்கிறது.

ஓர் ஆட்டத்தில் தற்காப்புக்கு இறங்குவோர் ஆறு பேர், மூன்று ஜோடிகள். கோப்பையை வெல்ல, வழக்கப் பருவத்துக்குப் பின் வரும் பிளேஆஃபின் நான்கு சுற்றுகளில் பதினாறு வெற்றிகள் தேவை. ஏறத்தாழ இரண்டு மாதங்களில் இருபத்தெட்டு ஆட்டங்கள் வரை ஆட நேரலாம். பாயும் பக் எனும் ரப்பர் வட்டின் முன் உடம்பைப் போட்டுத் தடுப்பதும், பலகைச் சுவரோரம் மோதல்களைத் தாங்குவதும் இவர்கள் வேலை என்பதால் யாராவது காயப்படுவது ஏறக்குறைய உறுதி. 2017இல் பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். அவர்களுடைய தலைசிறந்த தற்காப்பு வீரர் கிரிஸ் லெடாங் கழுத்து அறுவை சிகிச்சையால் பிளேஆஃப் முழுவதையும் இழந்தார். அந்தச் சுமையைத் தாங்கியவர்கள் யார்? தொள்ளாயிரம் ஆட்டங்களுக்கு மேல் ஆடியும் ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூடக் கண்டிராத ரான் ஹெயின்சி ஒருவர். அவருக்காக பிட்ஸ்பர்க் கொடுத்தது ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வும் கீழ்நிலை லீக் வீரர் ஒருவரும். அவர் சம்பளத்தில் பாதியை அவரை விற்ற கரோலினாவே ஏற்றுக்கொண்டது. எட்மன்டனில் மதிப்பிழந்திருந்த ஜஸ்டின் ஷுல்ட்ஸ் அதற்கு முந்தைய ஆண்டே ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வுக்கு வந்தவர். மார்க் ஸ்ட்ரைட்டின் விலை ஒரு நான்காம் சுற்றுத் தேர்வு. இறுதிப் போட்டியில் எதிரே நின்ற நாஷ்வில் அணியில் சுபான், யோசி, எல்லிஸ், எக்ஹோம் என லீகே புகழ்ந்த நால்வர் இருந்தார்கள். ஆறு ஆட்டங்களில் பிட்ஸ்பர்க் வென்றது. மறு ஆண்டு வாஷிங்டன், சிகாகோவில் அடிக்கடி வெளியே உட்கார வைக்கப்பட்ட மிகால் கெம்ப்னியை ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வுக்கு எடுத்தது. அவர் ஜான் கார்ல்சனோடு முதல் ஜோடியில் ஆடிக் கோப்பையைத் தூக்கினார்.

இதற்கு நேர்மாறான வழியில் போனவர்களின் கணக்கு என்ன? 2022இல் வழக்கப் பருவத்தில் லீகிலேயே முதலிடம் பிடித்த ஃபுளோரிடா, பென் ஷேரட்டுக்காக ஒரு முதல் சுற்றுத் தேர்வோடு இன்னும் சிலவற்றையும் மான்ட்ரியலுக்குக் கொடுத்தது. இரண்டாம் சுற்றில் டாம்பாவிடம் ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் வெளியேறியது. அந்தக் கோடையிலேயே ஷேரட் டெட்ராய்ட்டுக்குப் போய்விட்டார். 2023இல் பாஸ்டன் 65 வெற்றிகள், 135 புள்ளிகள் என்று சாதனை படைத்த பருவத்தில், டிமித்ரி ஓர்லோவையும் முன்கள வீரர் ஹாத்தவேயையும் பெற முதல், இரண்டாம், மூன்றாம் சுற்றுத் தேர்வுகளை அள்ளிக் கொடுத்தது. ஓர்லோவ் நன்றாகவே ஆடினார், அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் முதல் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில், கடைசி நிமிடத்தில் கோல் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தவர் ஃபுளோரிடாவின் பிராண்டன் மோன்டூர். கூடுதல் நேரத்தில் பாஸ்டன் தோற்றது. மோன்டூரை 2021இல் பஃபலோவிடமிருந்து ஃபுளோரிடா வாங்கிய விலை ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வு.

மறுப்பவர்களிடமும் வலுவான சான்று உண்டு. 2025 மார்ச்சில் ஃபுளோரிடா இளம் கோல்காவலர் ஸ்பென்சர் நைட்டையும் ஒரு முதல் சுற்றுத் தேர்வையும் கொடுத்து சேத் ஜோன்ஸைப் பெற்றுக் கோப்பையையும் வென்றது. 2021இல் டேவிட் சவார்டுக்காக டாம்பாவும் முதல் சுற்றுத் தேர்வைக் கொடுத்துத்தான் வென்றது. இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜோன்ஸ் இன்னும் பல ஆண்டு ஒப்பந்தத்தோடு வந்தவர், சில வாரக் காவலுக்கு வந்தவரல்ல. டாம்பாவோ முந்தைய ஆண்டு, வேறு அணிகள் கைவிட்ட ஷாட்டன்கிர்க்கையும் பொகோசியனையும் தேர்வுரிமை எதையும் கொடுக்காமல் சேர்த்துக்கொண்டு அதே கோப்பையை வென்றிருந்தது. மலிவாக வாங்கினால் வெற்றி உறுதி என்றும் நான் சொல்லவில்லை. 2024இல் டொரான்டோ எட்மண்ட்சனையும் லியுபுஷ்கினையும் குறைந்த விலைக்கு வாங்கியும் முதல் சுற்றிலேயே தோற்றது. அந்தத் தோல்வி டொரான்டோவிடமிருந்து சில பின்சுற்றுத் தேர்வுகளை மட்டுமே பறித்தது. பாஸ்டனின் தோல்வி அதைவிடப் பல மடங்கு விலை கொண்டது.

சம்பள உச்சவரம்பும் இதே பக்கம்தான் நிற்கிறது. 2005இல் அது வந்த நாளிலிருந்து நட்சத்திரத்துக்குக் கொடுக்கும் ஒவ்வொரு டாலரும் மூன்றாம் ஜோடியிடமிருந்து எடுத்ததாகவே ஆகிறது. 2025-26 பருவம் முதல் பிளேஆஃபில் களமிறங்கும் அணியின் சம்பளமும் வரம்புக்குள் அடங்க வேண்டும் என்று விதி வந்துவிட்டதால், காயப்பட்டோர் பட்டியலைக் காட்டி மீறும் பழைய வழியும் அடைபட்டது. விற்கும் அணி சம்பளத்தில் பாதிவரை தன் கணக்கில் வைத்துக்கொள்ளலாம் என்ற விதியைப் பயன்படுத்தி, தன் ஆட்டமுறைக்குப் பொருந்தும் நடுத்தர வீரர்கள் இருவரை எடுப்பதே அறிவுள்ள மேலாளர் செய்யக்கூடியது. அதற்குத் தேவை பொறுமையாக ஆட்டங்களைப் பார்க்கும் திறனாய்வாளர்கள்.

குஸ்தாவ் ஃபோர்ஸ்லிங்கை 2021 ஜனவரியில் கரோலினா, வேறு அணிகள் எடுத்துக்கொள்ளக்கூடிய வேய்வர் பட்டியலில் விட்டது. முன்னுரிமை பெற்றிருந்த அணிகள் எல்லாம் அவரை வேண்டாம் என்று கடந்து போயின. ஃபுளோரிடா எடுத்துக்கொண்டது, கொடுத்த தேர்வுரிமை ஒன்றுமில்லை. 2024, 2025 இரண்டு ஆண்டுகளிலும் கோப்பையை வென்ற அணியின் தற்காப்பில் அவர் முதல் வரிசையில் நின்றார்.